டேப்பைக் குறை சொல்லும் முன்: விமான மாடல் பெயிண்ட், மாஸ்கிங் - அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வீட்டு மேசையில் பிளாஸ்டிக் விமானக் கிட் கட்டுகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஜோஹானஸ்பர்க்கிலோ லெனேசியாவிலோ இருப்பவர்களுக்கும் உதவும். ஆனால் அங்கே காற்றே வேறு, அதனால் சில இடங்களில் வைத்தியம் நேர்மாறாகும். டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் உதடே வெடிக்கும். ஒரே பாட்டில் பெயிண்ட் இந்த இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பாட்டிலில் அச்சிட்ட காயும் நேரம் நம் ஜனவரி மாதத்துக்காக எழுதியதல்ல.

என் கருத்து இதுதான்: மாஸ்கிங்கில், அதாவது நிறம் படக்கூடாத இடத்தை டேப்பால் மூடி அடிப்பதில், தெரியும் குறைகளில் பெரும்பாலானவை டேப் ஒட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. டேப் அவற்றை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். புது டேப் வாங்க ஓடும் முன், அடியில் இருக்கும் பிளாஸ்டிக், பிரைமர் (அடிப்பூச்சு), முதல் நிறம் மூன்றையும் வரிசையாகச் சந்தேகப்படுங்கள்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்தக் குடும்பத்துப் பெயிண்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். மிஸ்டர் கலர் போன்றவை லேக்கர். லேக்கர் தின்னரில்தான் கரையும். டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகள் ஆல்கஹாலில் கரையும் அக்ரிலிக். எக்ஸ்-20ஏ தின்னரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போதும், லேக்கர் தின்னரும் சேரும். வலேஹோ தண்ணீர் அக்ரிலிக். அதில் லேக்கர் தின்னரை ஊற்றினால் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் கருவி) கோப்பைக்குள்ளேயே பிசினாகிவிடும். ஹம்ப்ரோல், ரெவெல் எனாமல்களுக்குக் கடையில் கிடைக்கும் மினரல் டர்ப்பன்டைன். கீழே சொல்லும் வைத்தியம் எல்லாம் இந்தக் குடும்பத்தைப் பொறுத்தே மாறும். எதையும் விமானத்தில் அடிக்கும் முன் ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பாருங்கள். அந்தக் கரண்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது.

டேப்பை உரித்தால் பெயிண்டும் சேர்ந்து வருகிறது

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. "அங்கிள், டேப் ரொம்ப ஒட்டுது, வேற டேப் வாங்கணுமா?" என்று ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான். "டேப்பைத் திருப்பி, ஒட்டிக்கிட்டு வந்த பெயிண்டோட அடிப்பக்கத்தைப் பாரு தம்பி, அப்புறம் பேசலாம்" என்றேன்.

அந்த அடிப்பக்கத்தில்தான் பதில் இருக்கிறது. டேப்பில் பிரைமரும் சேர்ந்து வந்து, விமானத்தில் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால், குறை பிளாஸ்டிக்கின் மேலேயே இருந்திருக்கிறது. அச்சிலிருந்து பாகங்கள் எளிதாகக் கழன்று வர ஆலையில் தடவும் எண்ணெய் சில கிட்களில் மிச்சமிருக்கும். கை எண்ணெயும் சேரும். சமையலறை மேசையில் வேலை செய்தால், பக்கத்து அடுப்பில் சில்லி பைட்ஸ் பொரிக்கும் எண்ணெய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் இறக்கையில் படியும். பாகங்களைச் சட்டத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சன்லைட் பாத்திரத் திரவம் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஒட்டி முடித்தபின், பிரைமர் அடிப்பதற்குச் சற்று முன், ஐசோபுரொப்பைல் நனைத்த துணியால் ஒரு முறை துடையுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது.

பிரைமர் விமானத்திலேயே நிற்க, மேல் நிறம் மட்டும் வந்திருந்தால் இரண்டு காரணம். பிரைமர் தூரத்திலிருந்து பொடியாக விழுந்து, மேல் நிறம் அந்தப் பொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம்; விரலால் தேய்த்தால் சாம்பல் நிறத் தூள் வரும். அல்லது பிரைமர் கண்ணாடிபோல் பளபளத்து, மேல் நிறத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போயிருக்கலாம். முதலாவதை 2000 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். இரண்டாவதற்கு அதே தாளால் மினுக்கம் போகும் அளவு மட்டும் தேய்த்தால் போதும்.

மூன்றாவது வகை: டேப்பில் வந்த பெயிண்ட் ரப்பர்போல் இழுபடுகிறது. அது இன்னும் இறுகவில்லை. தண்ணீர் அக்ரிலிக்கில் இதை அடிக்கடி பார்க்கலாம். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல மேலே மட்டும் ஒரு தோல் பிடிக்கும். தொட்டால் காய்ந்ததாகவே தோன்றும், அடியில் ஈரம் இருக்கும். மழைக்கால டர்பனில் நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: லேக்கருக்கு ஓர் இரவு, டாமியா அக்ரிலிக்குக்கு ஒரு முழு நாள், வலேஹோவுக்குக் குறைந்தது இரண்டு நாள், எனாமலுக்கு ஒரு வாரம். கணக்கைவிட மூக்கை நம்பலாம். விமானத்தை மூக்கருகில் கொண்டுபோனால் தின்னர் வாடை வருகிறதென்றால் டேப் ஒட்ட நேரம் வரவில்லை. கரண்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்றேனே, அது இதற்குத்தான். அதே நாளில், அதே பெயிண்ட் அடித்த கரண்டியில் நகத்தை அழுத்துங்கள். தடம் பதியாவிட்டால் விமானமும் தயார்.

இனி டேப்பைப் பற்றி. வன்பொருள் கடையில் சுவருக்காக விற்கும் தடித்த மாஸ்கிங் டேப்பை மாடலில் ஒட்டாதீர்கள். மாடலுக்கென்று வரும் மஞ்சள் நிற மெல்லிய காகித டேப் 6, 10, 18, 40 மில்லிமீட்டர் அகலங்களில் கிடைக்கிறது. அதுவும் அதிகமாக ஒட்டும்போல் தெரிந்தால், சுத்தமான கண்ணாடித் துண்டில் ஓரிரு முறை ஒட்டி எடுத்து அதன் ஒட்டும் வேகத்தைக் குறையுங்கள். பலர் கைத்தோலில் ஒட்டி எடுக்கச் சொல்வார்கள். வியர்க்கும் ஊரில் அது டேப்பில் எண்ணெய் தடவும் வேலை.

உரிப்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். டேப் முனையைப் பிளேடால் கிளப்பி, மேல்நோக்கித் தூக்காமல், டேப்பை அதன் முதுகின் மேலேயே மடித்து, மேற்பரப்பை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். மடிப்பு நகரும் இடத்திலேயே கண் இருக்கட்டும். அங்கே பெயிண்ட் விளிம்பு துளி எழும்பினாலும் உடனே நிறுத்தி, எதிர்ப்பக்கத்து முனையிலிருந்து தொடங்குங்கள். ஹேர் டிரையர் சூட்டை ஒரு கை தூரத்திலிருந்து சில விநாடி காட்டினால் பசை இளகும்; அதற்கு மேல் காட்டினால் இறக்கை வளையும்.

பெயர்ந்த இடத்தைச் சரிசெய்ய, ஓரங்களை 1500, பிறகு 2000 எண் ஈரத்தாளால் சரிவாகத் தேய்த்துப் படிமட்டம் தெரியாமல் ஆக்குங்கள். விரலை ஓட்டினால் விளிம்பு தட்டக்கூடாது. பிறகு அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர், அதன் மேல் நிறம். பெயிண்டைப் பள்ளத்தில் நிரப்பி மட்டம் செய்ய முயலவேண்டாம், அது எப்போதும் தெரியும்.

டேப்புக்கு அடியில் நிறம் கசிந்திருக்கிறது

எங்கே கசிந்தது என்று பாருங்கள். கோடு முழுக்கவா, பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் இடத்துப் பள்ளக் கோடுகள்) குறுக்கே போகும் இடங்களில் மட்டுமா, வளைவில் மட்டுமா?

கோடு முழுக்கக் கசிந்திருந்தால், பெயிண்டை ஈரமாகக் கொட்டியிருக்கிறீர்கள், அல்லது டேப்பின் விளிம்பு அழுக்கு. டேப் ரோலின் பக்கவாட்டை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்: தூசியும் முடியும் ஒட்டியிருக்கும். அந்த விளிம்பைக் கோடு போடப் பயன்படுத்தாதீர்கள். கண்ணாடியில் ஒட்டி, புதுப் பிளேடாலும் இரும்பு அளவுகோலாலும் ஒரு மில்லிமீட்டர் நறுக்கி எறிந்துவிட்டு, அந்தப் புது விளிம்பை விமானத்தில் வையுங்கள். பல்குச்சியின் பக்கவாட்டால் விளிம்பை மட்டும் அழுத்தித் தேய்த்தால், மஞ்சள் டேப் அடியிலுள்ள நிறத்தோடு ஒட்டி ஒரு சாயல் கறுக்கும். கறுக்காத இடம் திறந்திருக்கும் இடம்.

அடுத்தது எல்லோரும் செய்ய வேண்டியது, பலரும் அவசரத்தில் விடுவது. இரண்டாவது நிறத்தை அடிக்கும் முன், அடியில் இருக்கும் அதே முதல் நிறத்தையோ தெளிவான வார்னிஷையோ டேப் விளிம்பின் மேல் மெல்லிய படலமாக அடியுங்கள். கசிய வேண்டியது அதுவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதன் நிறம் அடிநிறம் என்பதால் தெரியாது. அது காய்ந்தபின் இரண்டாவது நிறத்தை 15 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தில், டேப்பின் பக்கத்திலிருந்து திறந்த பக்கம் நோக்கி, மெல்லிய தூவல்களாக அடியுங்கள். விளிம்புக்கு எதிராக அடித்தால் காற்றே பெயிண்டை அடியில் தள்ளும்.

பேனல் கோடுகளில் மட்டும் கசிந்தால் விளிம்பு நன்றாகவே அழுந்தியிருக்கிறது என்று அர்த்தம், பள்ளம் வாய்க்காலாகிவிட்டது. கோடும் டேப்பும் வெட்டும் புள்ளிகளில் மாஸ்கிங் திரவத்தை ஊசி முனையால் ஒரு துளி வையுங்கள். இறக்கை உடலோடு சேரும் மூலை, பின்புறச் சிறகுகளின் கீல் பள்ளம் ஆகிய இடங்களிலும் இதே வேலை.

வளைவில் கசிந்தால், அகலமான டேப்பை வளைத்து ஒட்டியதால் சுருக்கம் விழுந்திருக்கும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகல டேப், அல்லது வளைவுக்கென்றே வரும் வெள்ளை வினைல் டேப்பால் முதலில் விளிம்பை மட்டும் போடுங்கள். அகலமானதை அதன் மேல் ஒட்டி மீதியை மூடுங்கள்.

பயணிகள் விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1997-இல் தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் நாட்டுக் கொடியின் நிறங்களை வாலில் ஏற்றியது. 1/144 அளவில் அந்த வாலை டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) இல்லாமல் பெயிண்டிலேயே செய்து பார்க்கப் பலருக்கும் ஆசை. செய்யலாம், வரிசை முக்கியம்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கடைசியில் கறுப்பு. வெளிர் நிறம் முதலில் போனால் ஒரு மயிரிழைக் கசிவை அடுத்த கரும் நிறம் மூடிவிடும். தலைகீழாகப் போனால் கறுப்பை மறைக்க மஞ்சளை அடுக்கடுக்காக அடித்து, வால் தடித்துப் போகும்.

ஏற்கெனவே கசிந்ததை எடுக்க: நன்றாக இறுகிய அக்ரிலிக் அல்லது லேக்கர் மேல் எனாமல் கசிந்திருந்தால், டர்ப்பன்டைனில் நனைத்து உதறிய தட்டைத் தூரிகையால் அதே நாளில் துடைத்துவிடலாம். லேக்கர் மேல் லேக்கர் என்றால் துடைக்கவே கூடாது; இரண்டும் சேர்ந்து கரையும். எதிர்ப்பக்கம் மாஸ்க் செய்து அடிநிறத்தை மறுபடி தூவுவதுதான் வழி. அரை மில்லிமீட்டருக்குள் உள்ள சிறு பிசிறுகளைப் பல்குச்சியைச் சீவிச் சுரண்டலாம்.

வெள்ளையாகப் பூத்துவிட்டது

டர்பன்காரர்கள் இதை ஊன்றிப் படியுங்கள். கறுப்போ கடல்நீலமோ அடித்து முடித்து, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேலே பால் படர்ந்ததுபோல் வெளுத்திருக்கும். பெயிண்ட் கெட்டுப்போகவில்லை. லேக்கர் தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த அந்தப் பரப்பில் ஈரக் காற்றின் நீர் துளியாக இறங்கி, காயும் பெயிண்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அதுதான் வெள்ளை.

உடனே கவனித்தால் மீட்டுவிடலாம். மெதுவாக ஆவியாகும் தின்னரை, அதாவது லெவலிங் தின்னர் அல்லது ரிட்டார்டர் கலந்ததை, பெயிண்ட் இல்லாமல் அதன் மேல் மெல்லிய தூவலாக அடியுங்கள். பரப்பு மறுபடி இளகி, நீர் வெளியேறி, நிறம் திரும்பும். அந்த நேரத்தில் அறை ஈரமாகவே இருந்தால் மறுபடியும் பூக்கும். ஏர் கண்டிஷனரை டிரை நிலையில் வைத்தோ, நாள் பார்த்தோ செய்யுங்கள். மலிவான ஈரப்பதமானி ஒன்று பெயிண்ட் மேசையில் நிற்கட்டும். 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் லேக்கர் பாட்டிலைத் திறப்பதில்லை. டர்பனில் விடியற்காலையும் இரவும்தான் அதிக ஈரம்; வெயில் ஏறிய பின், நடுப்பகலை ஒட்டி அடிப்பது நல்லது. மழை வருகிறதென்றால் அன்றைக்கு வேறு பாகத்தை உரசிக்கொண்டிருங்கள்.

மேட் வார்னிஷிலும் இதே வெண்மை வரும், பொடிபோல. வெண்மைக்கு மேல் பளபளப்பு வார்னிஷ் ஓர் ஈரப் படலம் அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். காய்ந்த பிறகு, நல்ல நாளில், மறுபடி மேட் அடியுங்கள். மேட் பாட்டிலை நன்றாகக் கலக்காமல் அடித்தாலும் வெண்பொடி வரும். அதற்குக் காற்றைக் குறை சொல்லக்கூடாது.

வெளுக்காமல், நடு நடுவே குண்டூசித் தலை அளவு நீர்ப்பொட்டுகள் விழுந்தால் அது கம்ப்ரசரில் திரண்ட தண்ணீர். தொட்டியின் அடித்திருகைத் திறந்து வடியுங்கள். ஈரப்பொறியைக் கம்ப்ரசரோடு ஒட்டி மட்டும் வைக்காமல், குழாயில் ஏர்பிரஷுக்கு அருகிலும் ஒன்று போடுங்கள். சூடான காற்று குழாயில் வரும் வழியில்தான் குளிர்ந்து நீராகிறது.

மணல் தூவியதுபோல் சொரசொரப்பு

இது ஜோஹானஸ்பர்க் குளிர்காலத்து நோய். டர்பனிலும் பெர்க் காற்று வீசும் நாளில் வரும். டிராக்கன்ஸ்பர்க் மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்று சூடும் வறட்சியுமாக இருக்கும். குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் திடீரென்று வரும். ஈரமில்லாத நாள், லேக்கருக்கு நல்லதுதானே என்று ஏர்பிரஷை எடுத்தால், துளிகள் விமானத்தைத் தொடும் முன்பே காய்ந்து, பொடியாக உட்காரும். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, தின்னர் இன்னும் வேகமாகப் பறக்கும்.

தின்னரை ஒரு பங்கு கூட்டுங்கள், ரிட்டார்டர் சில துளி சேருங்கள், அழுத்தத்தைக் குறைத்து, ஏர்பிரஷை விமானத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். பரப்பு அடித்த கணத்தில் ஈரமாக மினுங்கி, சில விநாடியில் அடங்க வேண்டும். மினுங்கவே இல்லையென்றால் காய்ந்த தூள்தான் விழுகிறது. ஏற்கெனவே விழுந்த சொரசொரப்பை 2000 அல்லது 3000 எண் தாளால் ஈரமாகத் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். அப்படியே அதன் மேல் டேப் ஒட்டினால், சொரசொரப்பின் இடுக்குகள் வழியாக அடுத்த நிறம் கசியும்.

பெர்க் காற்று ஓய்ந்ததும் கடலிலிருந்து குளிர்ந்த ஈரக்காற்று உள்ளே வரும். காலையில் தூள், மாலையில் வெண்மை, இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அதனால் அந்த நாளில் லேக்கர் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்து அடைபட்டு, பிறகு குபுக்கென்று துப்பினால், அதுவும் இதே வறட்சிதான். தண்ணீர் அக்ரிலிக்குக்கு அதன் ரிட்டார்டரைச் சேர்த்து, சில நிமிடத்துக்கு ஒரு முறை தின்னர் நனைத்த பஞ்சுக்குச்சியால் முனையைத் துடையுங்கள். லோட் ஷெடிங் வந்து கம்ப்ரசர் நடுவில் நின்றால், தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றைப் பெயிண்டுக்குச் செலவிடாதீர்கள். கோப்பையைக் கொட்டி, தின்னர் விட்டு, அந்தக் காற்றில் ஏர்பிரஷைக் கழுவுங்கள். மின்சாரம் திரும்பும்வரை பெயிண்ட் உள்ளே இருந்தால் ஊசியை இழுப்பதே பாடு.

டேப் விளிம்பில் படி நிற்கிறது

பெயிண்ட் தடிமன். ஒரே இடத்தில் ஈரமாகக் குவித்தால் டேப் சுவரில் ஏறி நிற்கும். மெல்லிய படலங்களாக அடித்து, கடைசிப் படலம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுக்க இறுகும் முன்பே, டேப்பை எடுங்கள். இறுகிவிட்ட படியை 3000 எண் தாளைச் சின்னதாக மடித்து, ஈரமாக, படியின் மேல் மட்டும் தேய்க்கலாம். பளபளப்பு வார்னிஷ் இரண்டு படலம் அடித்துவிட்டுத் தேய்த்தால் நிறம் அறுபடாது. டீக்கால் ஒட்டப்போகும் விமானம் என்றால் இந்தப் படியை விடாதீர்கள், டீக்காலின் அடியில் அது வரம்பாகத் தெரியும்.

பெயிண்ட் சுருங்கி, வெடித்திருக்கிறது

எனாமல் மேல் லேக்கர் போயிருக்கிறது. லேக்கர் தின்னர் அடியிலுள்ள எனாமலை இளக்கிப் புரட்டிவிடும். லேக்கர் அடியில், அக்ரிலிக்கோ எனாமலோ மேலே என்ற வரிசை பாதுகாப்பானது. சுருங்கியதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, அந்தப் பாகத்தை முழுக்க எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். எடுப்பது எப்படி என்பது கடைசியில்.

ஆரஞ்சுத்தோல், வழிதல், சிலந்திக்கால்

பரப்பு புள்ளி புள்ளியாக மேடுபள்ளம் என்றால் பெயிண்ட் கெட்டி. பாலின் பதத்துக்குக் கரையுங்கள். வழிந்தால் ஒரே இடத்தில் கை நின்றுவிட்டது. நாலா பக்கமும் சிலந்திக்காலாக ஓடினால் அழுத்தம் அதிகம், தூரம் குறைவு. மூன்றையும் ஈரத்தோடு துடைக்காதீர்கள். இறுகட்டும், தேய்க்கலாம்.

காக்பிட் கண்ணாடியில் கோடு பிசகுகிறது

ஹார்வர்டைக் கட்டியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். தென்னாப்பிரிக்க விமானப்படையில் 1940-களிலிருந்து 1995 வரை பயிற்சிக்குப் பறந்த விமானம் அது. இருவர் முன்னும் பின்னுமாக உட்காரும் நீளக் கண்ணாடி, குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். 1/72 அளவில் ஒவ்வொரு பலகமும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

வெட்டிய மாஸ்க் தொகுதி எடுவார்ட் போன்றவர்களிடம் கிடைக்கும். உங்கள் கிட்டுக்கு இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இல்லையென்றால் பலகம் முழுவதும் ஒரே டேப்பை ஒட்டி, சட்டத்தின் ஓரமாகப் பிளேடை ஓட்டும் வழி ஒன்று. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள்; சட்டத்தின் மேடு நிழலாக எழும்பும். புது முனை பிளேடின் சொந்த எடையே போதும், அழுத்தினால் கண்ணாடியில் கீறல் நிரந்தரம். சட்டத்தின் மேடு தெளிவாக இல்லாத கிட்டில், ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிய டேப்பைப் பலகத்தின் நான்கு ஓரத்திலும் வைத்து, நடுவை மாஸ்கிங் திரவத்தால் நிரப்புங்கள். இந்த வழி மெதுவானது, நான் இதையே விரும்புகிறேன். பிளேடு கண்ணாடியைத் தொடவே தொடாது.

முதலில் காக்பிட்டின் உள் நிறம், அதன் மேல் வெளி நிறம். உள்ளேயிருந்து பார்த்தால் சட்டம் சரியான நிறத்தில் தெரியும். உடலோடு சேரும் அடி விளிம்பில் சந்து இருந்தால் பெயிண்ட் தூசி உள்ளே போய்க் கண்ணாடியின் உட்பக்கம் மங்கும். அதை வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. பெயிண்ட் அடிக்கும் முன் வெள்ளைப் பசையால் அந்தச் சந்தை மூடுங்கள். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை வெளுக்கச் செய்யும், அது வேண்டாம்.

கசிந்த டாமியா அக்ரிலிக்கை ஐசோபுரொப்பைலில் முனை நனைத்த பல்குச்சியால் தள்ளி எடுக்கலாம். எனாமலுக்கு டர்ப்பன்டைன். லேக்கர் தின்னர் கண்ணாடிப் பாகத்தை உருக்கிவிடும், பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. கண்ணாடியைத் தெளிவான அக்ரிலிக் தரை மெருகில் முக்கி எடுத்திருந்தால், அம்மோனியா வாடை அடிக்கும் மாஸ்கிங் திரவம் அந்த மெருகைக் கரைக்கும். அங்கே டேப் மட்டும். மாஸ்கிங் திரவம் எதுவானாலும் ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள், இறுகி மூலையில் துண்டு துண்டாக அறுபடும்.

டேப் பசை மிச்சம்

பாதியில் விட்ட விமானத்தை வெயில் படும் ஜன்னலில் மாதக்கணக்கில் டேப்போடு வைத்தால் இது வரும். லைட்டர் பெட்ரோல் நனைத்த பஞ்சுக்குச்சியால் உருட்டி எடுங்கள், லேக்கர் தின்னரால் அல்ல. எனாமல் மேல் என்றால் முதலில் ஓர் ஓரத்தில் சோதியுங்கள்.

வெள்ளி நிறத்தில் டேப்பின் தடம்

கொரியப் போரில் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 2-ஆம் ஸ்குவாட்ரன் 1950-இல் பறக்கத் தொடங்கிய எஃப்-51டி மஸ்டாங்குகள் பெயிண்ட் பூசாத உலோக உடலோடு இருந்தன. அந்த விமானத்தைச் செய்யும்போது, பளபளப்புக் கறுப்பு அடித்தளத்தில் அல்கிளாட் போன்ற உலோக லேக்கர் அடித்து, பேனல்களை வெவ்வேறு சாயலில் மாஸ்க் செய்வோம். உரித்தபின் டேப் இருந்த இடம் மங்கிச் சதுரமாகத் தெரிந்தால், உலோகத் துகள் இன்னும் பிடிக்கவில்லை. ஓர் இரவு விட்டு, கண்ணாடியில் ஒட்டி வேகம் குறைத்த டேப்பை, விளிம்பு மட்டும் அழுத்தி ஒட்டுங்கள். நடுவில் அழுத்தவே வேண்டாம்.

உருமறைப்பு எல்லை வெட்டியதுபோல் இருக்கிறது, அல்லது புகையாகப் பரவுகிறது

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மை விமானத்தில் இரண்டு நிறங்களின் எல்லை 25 மில்லிமீட்டர் கலங்கியிருந்தால், 1/72-இல் அது 0.35 மில்லிமீட்டர், 1/48-இல் 0.5 மில்லிமீட்டர். அதனால் மிராஜ் எஃப்1ஏஇசட் போர் விமானத்தின் பச்சை, மண்பழுப்பு எல்லையை 1/72-இல் கையால் வரைந்தால் எப்போதும் புகைபோல அகலமாகவே வரும். பிரெஸ்டிக்கை (சுவரில் படம் ஒட்டும் மாவு) கயிறாக உருட்டி எல்லையில் வைத்து, நடுவை டேப்பால் மூடி, ஏர்பிரஷை நேர் மேலிருந்து செங்குத்தாகப் பிடியுங்கள். கயிறு மெலிந்தால் எல்லை கூராகும், தடித்தால் மென்மையாகும். சாய்த்துப் பிடித்தால் கயிற்றின் அடியில் புகுந்து ஒரு பக்கம் மட்டும் பரவும். இந்த வகை ஒட்டும் மாவு எதையும் வெயில் நாளில் இரவெல்லாம் விடக்கூடாது, எண்ணெய்த் தடம் இறங்கும். அடித்த கையோடு எடுத்துவிடுங்கள். அசல் எல்லை எப்படி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் பிரிட்டோரியா சுவார்ட்காப்பில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் போய் ஒரு கை தூரத்தில் நின்று பாருங்கள். எந்தப் புகைப்படமும் அதற்கு ஈடில்லை.

ஒளிரும் ஆரஞ்சு மங்கலாக வருகிறது

ஹார்வர்டின் வெள்ளி உடலில் உள்ள ஒளிரும் ஆரஞ்சுப் பட்டைகளை நேராக வெள்ளி மேல் அடித்தால் சேற்று நிறமாகும். அந்தப் பெயிண்டுக்கு மூடும் சக்தி இல்லை. அடியிலிருந்து வெளிச்சம் திரும்பி வந்தால்தான் ஒளிரும். மாஸ்க்கை ஒட்டியதும் அதே மாஸ்க்குக்குள் முதலில் வெள்ளை, காய்ந்ததும் ஆரஞ்சு.

ஒன்றும் தேறவில்லை, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்

தயங்காதீர்கள். பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. கண்ணாடிப் பாகத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் இந்த வேலையை அந்தப் பகுதிக்குச் செய்யாதீர்கள். டாமியா, வலேஹோ அக்ரிலிக்குகள் ஐசோபுரொப்பைலில் ஊறவைத்தால் தோலாகக் கழன்று வரும். எனாமலுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள அடுப்புச் சுத்திகரிப்பு நுரை. பிளாஸ்டிக்கைத் தொடாது, ஆனால் தோலையும் கண்ணையும் சுடும், ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், அது வேண்டவே வேண்டாம். லேக்கர் பிரைமர் பிடித்து நின்றால் அதை நிற்க விடுங்கள், 1500 எண் தாளால் மட்டம் செய்தால் போதும். பேனல் கோடுகளுக்குள் மிச்சமிருப்பதைச் சீவிய பல்குச்சியால் எடுத்து, சன்லைட் விட்டுக் கழுவி, ஓர் இரவு உலர்த்தி, பிரைமரிலிருந்து தொடங்குங்கள். ஊறவைப்பதும் அடிப்பதும் ஜன்னல் திறந்த அறையில், கரிமப் புகையைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசத்தோடு இருக்கட்டும். கோவிட் காலத்துத் துணி முகமூடி தின்னர் புகையைத் தடுக்காது.